ரோடு ரோலர் சின்னம்

கத்தரிக்கோல் கேட்டிருந்தார்.
குலுக்கலில் விழுந்தது ரோடு ரோலர்.

"அரசாங்கத்தைக் குறைக்க வந்தவனுக்கு
அரசாங்க வண்டியேவா!" என்று
குடியாத்தம் தாலுக்கா ஆபீஸ் படியில் உட்கார்ந்து
கெங்காதரன் சிரித்த சிரிப்பில்
மேல் பல்செட் கொஞ்சம் இறங்கியது.
அன்றுதான் என் ஆட்டோவைப் பேசினார்:
பதினோரு நாள், மைக் செட்டோடு.
டீசல் அவருடையது, தொண்டை என்னுடையது.

இருபத்தேழு வருஷமாக அதே ஆபீஸ் வாசலில்
டைப் மெஷின் வைத்திருப்பவர்.
சாதி, வருமானம், வாரிசு, இருப்பிடம்,
செத்தவர் செத்ததற்கும்
இருப்பவர் இருப்பதற்கும்
தட்டிக் கொடுத்த விரல்கள்.
படிவம் ஒழிஞ்சா உம்ம பொழப்பு? என்றேன்.
"அப்பவாவது வேற வேல கத்துக்கறேன், தஸ்தகீரு."

கட்சியின் பெயர் சிற்றரசுக் கட்சி.
சின்ன அரசு என்று நினைத்து வைத்தது.
நெல்லூர்ப்பேட்டையில் பையன்கள்
"சிற்றரசர் வர்றாரு, வழி வுடு" என்று
தோள்துண்டைத் தரையில் விரித்தார்கள்.
துண்டை மிதிக்காமல்
ஓரமாக நடந்து போனார்.

அவருடைய பேச்சு ஒரே பேச்சு:
"பொட்டிக்கடை வைக்க ஒம்போது கையெழுத்து.
எட்ட எடுத்துடலாம்.
எடுத்த எட்டு பேருக்கும்
பொட்டிக்கடை வச்சுக் குடுத்துடலாம்."
இரண்டாவது வரிக்கு எங்கேயும் கைதட்டல் இல்லை.
மூன்றாவதற்குச் சிரித்தார்கள்.
ஓட்டு வேறு, சிரிப்பு வேறு என்று
எனக்குத் தெரியும். அவருக்கும்தான்.

மைக்குக்கு அனுமதி, தெருவுக்கு அனுமதி,
ஆட்டோ கண்ணாடியில் ஒட்ட ஓர் அனுமதி.
பறக்கும் படை நிறுத்தி
சீட்டைக் கழற்றி வீடியோ எடுத்தது:
நோட்டீஸ் ஒரு கட்டு,
பல்செட் டப்பா ஒன்று,
அறுநூற்றி நாற்பது ரூபாய்.
நாங்கள் குடித்தது பத்து ரூபாய் டீ.
செலவுக் கணக்கில் டீ பதினைந்து என்றார் அதிகாரி,
பட்டியல் அப்படி.
"பாத்தியா, மீதி அஞ்சு ரூவா டீய
யாரு குடிச்சது?" என்றார் கெங்காதரன்.
அதை மைக்கில் சொல்லச் சொன்னேன்.
வெட்கப்பட்டார்.

ஒன்பதாம் நாள் பிச்சனூர்.
முறத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்சவேணி
நோட்டீஸை வாங்கவில்லை, கை புகையிலையாக இருந்தது.
படிச்சுச் சொல்லு என்றாள்.
படித்தார்.
நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்தாள்.
"பதினாலு நாளா கொழாயில தண்ணி இல்ல.
சாக்கட அள்ள ஆள் வந்து ஆடி மாசம் ஆச்சு.
ஓட்டு கேட்டு வர்றது தவிர
இந்தத் தெருவுல அரசாங்கம் எங்க கீது?
இல்லாததுல இன்னாத்த கொறைப்ப நீ?"

ஆட்டோவை நான் ஆஃப் செய்துவிட்டேன்.
நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்,
மூடினார்.
பதில் எழுதவா, கேள்வி எழுதவா,
கேட்கவில்லை நான்.
வரும் வழியில் கவுண்டன்யா பாலம் முழுக்க
மைக் சும்மா கரகரத்துக்கொண்டே வந்தது.

இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு.
யாருக்கும் இல்லை என்ற பொத்தானுக்கு
ஆயிரத்துச் சொச்சம்.
முன்மொழிந்தவர்கள் பத்துப் பேர்,
அவர்கள் பூத்தில் விழுந்தது ஏழு.
டெபாசிட் பத்தாயிரம் கஜானாவுக்குப் போனது.
அரசாங்கத்துக்கு இந்த வருஷம்
அவ்வளவு கொடுத்த டைப்பிஸ்ட்
எங்கள் தாலுக்காவில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

பாக்கி வாங்கப் போனேன்.
மெஷின் முன்னால் அம்சவேணி நின்றிருந்தாள்.
நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,
குடிநீர் வேண்டி.
பக்கத்து மரத்தடிக்காரர்
இதற்கு ஒரு பக்கம் நிரப்புவார்.
இவர் நான்கு வரியில் முடித்து
இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்,
எல்லோரிடமும் வாங்குகிற இருபது.

என் பணத்தை எண்ணி வைத்துவிட்டு
ரசீது அடித்தார், மூன்று பிரதி.
கணக்கு ஒப்படைக்கணும், கையெழுத்து போடு.
போட்டேன்.
மூணாவது எதுக்கு?
"தெரியல," என்றார்,
"எப்பவும் மூணு அடிப்போம்."
கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.
பிறகு நாலாக மடித்து,
குனிந்து,
ஆடுகிற மேஜைக் காலுக்குக் கீழே செருகினார்.
அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.